கொட்டியாரக் கைதியின் நண்பர் றொபேட் ஊக்



உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் ஊக்கின் விதி என்ற சொல் உங்கள் காதில் விழுந்திருக்கும். ஒரு வில்லில் நிறைகளைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு நீளுகிறதென்று அளந்து, வரைபுத்தாளில் ஒரு நேர்கோடு கீறி, புள்ளி வாங்கிக்கொண்டு மறந்துவிடுகிற பாடம் அது. அந்த ஊக் என்பவர் யார், எப்படி வாழ்ந்தார், எப்படி இறந்தார் என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. நம் தலைக்கு மேலே கூரையைத் தாங்கும் ஒவ்வொரு வளையும் அவருடைய விதிப்படியே வளைகிறது என்பதைக்கூட அது அழுத்திச் சொல்வதில்லை. திருகோணமலை மக்களாகிய நமக்கு அவரை அறிந்துகொள்ள இன்னுமொரு காரணம் உண்டு. நமது கொட்டியாரக் குடாவின் கரையில் சிறைப்பிடிக்கப்பட்ட ஒருவரே பிற்காலத்தில் அவருடைய நெருங்கிய நண்பராயிருந்தார். அந்தக் கதைக்குப் பின்னர் வருவோம்.

றொபேட் ஊக் 1635ஆம் ஆண்டு யூலை 18ஆந் திகதி, இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள வைற் தீவில், பிறெஷ்வோட்டர் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் ஜோன் ஊக் அவ்வூர் அங்கிலிக்கன் ஆலயத்தில் உதவிக் குருவாயிருந்தவர். பிள்ளை பிறந்தது முதலே நோஞ்சான். அடிக்கடி தலையிடி வந்ததால் ஒழுங்காகப் படிப்பிக்க முடியாமற் போயிற்று. படிப்பை விட்ட பிள்ளை கையை விடவில்லை. பித்தளை மணிக்கூடு ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அதேபோல் ஒன்றை மரத்திலே செய்து ஓடவிட்டான். பாய்மரமும் கயிறுகளும் பூட்டிய சிறு கப்பலொன்றைச் செய்து, அதில் வெடிக்கும் குட்டிப் பீரங்கிகளையும் பொருத்தினான். கடலோரத்துப் பிள்ளைகள் எங்கும் ஒரே மாதிரித்தான் போலும்.

1648இல் தந்தை இறந்தார். பதின்மூன்று வயதுச் சிறுவன் சிறிதளவு பணத்தோடு இலண்டனுக்கு அனுப்பப்பட்டான். முதலில் ஓவியர் பீற்றர் லீலியிடம் சேர்ந்தான். வர்ணங்களின் நெடி தலையிடியைக் கிளப்பியதால் அங்கு நிலைக்கவில்லை. பின்பு வெஸ்ற்மினிஸ்ரர் பாடசாலையில் அதிபர் பஸ்பியின் நிழலிலே வளர்ந்தான். யூக்கிளிட்டின் கேத்திரகணித நூலில் முதல் ஆறு பாகங்களை ஒரே வாரத்தில் கற்றுத் தேறினான் என்பார்கள். ஏறத்தாழப் பதினாறு வயதில் அவனுடைய முதுகு கூனத் தொடங்கியது. கடைசற் பொறியில் நாள்தோறும் குனிந்து நின்று வேலை செய்ததே அதற்குக் காரணம் என்று அவர் பிற்காலத்தில் நம்பினார். அந்தக் கூன் சாகும்வரை நிமிரவேயில்லை.

ஒக்ஸ்போட்டுக்குப் போன ஊக், வசதியுள்ள மாணவருக்கு ஏவல் செய்து படிக்கும் ஏழை மாணவராகவே போனார். அங்கே செல்வந்தரும் விஞ்ஞானியுமான றொபேட் பொயில் அவரை உதவியாளராக எடுத்துக்கொண்டார். பொயிலின் பரிசோதனைகள் நடந்த வளிப் பம்பியைச் செய்து கொடுத்தவர் ஊக்தான். 1660இல் இலண்டனில் றோயல் சங்கம் தோன்றியது; 1662இல் ஊக் அதன் பரிசோதனைப் பொறுப்பாளரானார். கூட்டத்துக்குக் கூட்டம் புதிய பரிசோதனைகளைச் செய்துகாட்ட வேண்டும் என்பது அவருக்கிடப்பட்ட வேலை. இத்தகைய சுமையை வேறெவர் தாங்கியிருப்பாரோ தெரியாது. 1665இல் கிறெஷாம் கல்லூரியில் கேத்திரகணிதப் பேராசிரியரானார். அதே ஆண்டில் அவருடைய நுணுக்குக்காட்டி நூல் வெளிவந்தது. தக்கையின் மெல்லிய சீவலில் அவர் கண்ட சிற்றறைகளுக்கு இட்ட பெயரே உயிரியலில் இன்று நாம் கலம் என்று சொல்வது.

1666 செப்ரெம்பரில் இலண்டன் மாநகர் நான்கு நாட்கள் எரிந்தது. 13,200 வீடுகளும் 87 பங்கு ஆலயங்களும் சாம்பலாயின. நகரத்தை மீண்டும் அளந்து, வளவுக்கு வளவு முளையடித்து, அயலவரின் எல்லைச் சண்டைகளைத் தீர்த்துவைக்க நகரசபை நியமித்த அளவையாளரில் ஊக்கும் ஒருவர். காலையில் வீதியில் அளவுக் கயிறு, மாலையில் சங்கத்தில் பரிசோதனை, இரவில் கோப்பிக் கடையில் விவாதம் என்று ஆண்டுகள் ஓடின. நண்பர் கிறிஸ்தோப்பர் றென்னோடு சேர்ந்து ஆலயங்களையும் கட்டினார். தீயின் நினைவாக இன்றும் நிற்கும் 202 அடித் தூண் அவ்விருவரின் கைவேலை. (1681இல் அத்தூணின் அடியில், தீ மூட்டியவர்கள் கத்தோலிக்கர் என்ற பழியை நகரசபையார் வெட்டிவைத்தார்கள். அது கடைசியாக அழிக்கப்பட்டது 1830இல். கட்டியவர்கள்மீது அந்தப் பழியைப் போட வேண்டியதில்லை.)

வீடு கட்டுகிறவனுக்கு முதற் கேள்வி மரத்தின் பருமன். இத்தனை அடி அகலமான அறைக்கு எத்தனை அங்குல வளை? எரிந்த நகரை மீளக் கட்ட 1667இல் இயற்றிய சட்டம் சுவரின் தடிப்பையும் மரங்களின் பருமனையும் வகுத்துச் சொன்னது. ஆனால் அந்த அளவுகள் ஓடாவிமாரின் பழக்கத்தில் வந்தவை. ஏன் அந்த அளவு என்று கேட்டால் அப்போது ஒருவராலும் சொல்ல முடியாது.

அந்தக் கேள்வியைக் கணக்காக முதலில் எடுத்தவர் கலிலியோ. நமது திருச்சபையின் நீதிமன்றம் 1633இல் அவரைத் தண்டித்ததையும், 1992இல் பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் அத்தவற்றை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டதையும் நீங்கள் அறிவீர்கள். வீட்டுக் காவலில் இருந்த அந்த முதியவர் இறுதியாக எழுதிய நூல் வானத்தைப் பற்றியதன்று. மரமும் கல்லும் எப்போது முறியும் என்பதும், பொருள்கள் எவ்வாறு இயங்கும் என்பதும் பற்றியது. 1638இல் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் அது அச்சாயிற்று. மறு ஆண்டில் அதே ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தார்கள். சுவரில் ஒரு முனை செருகி, மறுமுனையில் பாரம் தொங்கும் ஒரு மரத்தைக் கலிலியோ எடுத்துக்கொண்டார். மரத்தின் பலம் அகலத்தோடு நேராகவும், உயரத்தின் வர்க்கத்தோடும் கூடும் என்று கண்டார், அது சரி. ஆனால் மரத்தின் வெட்டுமுகம் முழுவதும் ஒரே அளவாக இழுபடுகிறது என்று எண்ணிவிட்டார். அதனால் மரம் உண்மையில் தாங்குவதைப் போல மூன்று மடங்கு தாங்கும் என்ற விடை அவருக்குக் கிடைத்தது. அவர் சொன்னபடி வீடு கட்டியிருந்தால் பல கூரைகள் விழுந்திருக்கும்.

அவர் விட்டுச்சென்ற இடைவெளியை நிரப்பிய உண்மைதான் ஊக்குடையது. அதை வெளியிட்ட விதம் விசித்திரமானது. 1676இல் வெளியான ஒரு சிறுநூலின் கடைசியில், தாம் கண்டுபிடித்த விதியின் இலத்தீன் எழுத்துக்கள் 14ஐயும் அகரவரிசைப்படி கலைத்துப் போட்டு, விடுகதையாக அச்சிட்டார். வேறொருவர் அதைக் கண்டுபிடித்தால் தாமே முந்தியவர் என்று நிரூபிக்கலாம். அதேவேளை எவரும் களவெடுக்கவும் முடியாது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1678இல், விடுகதையை அவரே அவிழ்த்தார். பாரம் இரட்டித்தால் நீட்சியும் இரட்டிக்கும், மூன்று மடங்கானால் மூன்று மடங்காகும் என்பதே அதன் பொருள். 20, 30, 40 அடி நீளமான கம்பிகளை உயரத்திலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தார், சுருள்வில்லில் பார்த்தார், காய்ந்த மரத்துண்டொன்றைக் கிடையாக ஒரு முனையில் இறுக்கி, மறுமுனையில் நிறை தொங்கவிட்டு, அது தாழ்வதையும் அளந்தார். எல்லாம் ஒரே விதிக்கு அடங்கின.

அந்த நூலிலே ஊக் கவனித்த இன்னொன்றுதான் நமக்கு முக்கியம். இதைப் படித்துவிட்டு நீங்களே செய்து பாருங்கள். பச்சைப் பூவரசங் கம்பொன்றை இரு கையாலும் பிடித்து வளையுங்கள். வளைவின் வெளிப்பக்கத்துத் தோல் இழுபட்டு வெடிக்கும்; உட்பக்கத்துத் தோல் நெருங்கிச் சுருங்கும். வெளியே இழுபடுவதும் உள்ளே நெருங்குவதும் உண்மையானால், இடையில் எங்கோ நீளவும் சுருங்கவும் செய்யாத ஒரு படை இருந்தேயாக வேண்டும். அந்த நடுப்படையிலிருந்து விலக விலக நீட்சி கூடுகிறது. நீட்சி கூடினால், ஊக்கின் விதிப்படி, அங்குள்ள நார் எதிர்த்து இழுக்கும் விசையும் கூடுகிறது. ஆகவே பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் மரத்தின் மேல்விளிம்பும் கீழ்விளிம்புமே. நடுப்பகுதி அதிகம் உழைப்பதில்லை. தண்டவாளமும் உருக்குத் தீராந்தியும் நடுவில் மெலிந்து மேலும் கீழும் தடித்திருப்பது ஏன் என்பது இப்போது விளங்கும்.

2 அங்குலத் தடிப்பும் 6 அங்குல அகலமுமுள்ள பலகையொன்றைப் படுக்கையாக வைத்து நடுவில் ஒருவர் நின்றால் அது தாழும் அளவை அளந்துகொள்ளுங்கள். அதே பலகையை விளிம்பில் நிறுத்திவைத்தால் அதே ஆள் நிற்கும்போது ஒன்பதில் ஒரு பங்குதான் தாழும். அதே மரம், அதே காசு. வளையின் உயரத்தை இரட்டித்தால் தாழ்வு எட்டில் ஒன்றாகிறது; அகலத்தை இரட்டித்தால் பாதிதான் குறைகிறது. இடைத்தூரத்தை இரட்டித்தாலோ அதே பாரத்துக்கு எட்டு மடங்கு தாழும். தன் சொந்தப் பாரத்தால் மட்டும் பதினாறு மடங்கு தாழும். அறையைக் கொஞ்சம் பெருப்பித்தால் என்ன என்று கேட்கும் வீட்டுக்காரருக்கு ஓடாவி முகம் சுளிப்பதன் நியாயம் இதுவே. ஊக்கின் விதிக்கு ஓர் எல்லையும் உண்டு. பாரம் அந்த எல்லைக்குள் இருந்தால், எடுத்ததும் மரம் பழைய நிலைக்கு வரும். எல்லை மீறினால் வராது. வளைவது குற்றமல்ல, திரும்பி வராததே ஆபத்து.

கல்லும் கொங்கிறீற்றும் நெருக்குவதற்கு நன்றாகத் தாங்கும், இழுபடுவதற்குத் தாங்கா. கொங்கிறீற்றின் இழுவைப் பலம் அதன் நெருக்கற் பலத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. பழைய மண்டபங்களிலே கற்றூண்கள் நெருங்கி நிற்பதற்குக் காரணம் அதுதான்: கல் வளை நீண்டால் கீழ்ப்பக்கம் இழுபட்டு வெடிக்கும். கொங்கிறீற்று வளையில் இழுபடும் பக்கத்தில் இரும்புக் கம்பி இடுகிறோம். இரண்டு சுவர்களில் தங்கும் வளையில் இழுபடுவது கீழ்ப்பக்கம். ஆகவே கம்பி கீழே. ஆனால் சுவரிலிருந்து வெளியே நீண்டு அந்தரத்தில் நிற்கும் மாடத் தளத்தில் இழுபடுவது மேற்பக்கம். அங்கே பிரதான கம்பி மேலே இருக்கவேண்டும். இதை அறியாமலோ, கொங்கிறீற்று ஊற்றும்போது கம்பியை மிதித்துத் தாழ்த்திவிட்டோ வேலை முடித்தால், தாங்கு பலகைகளைக் கழற்றும் நாளில் தளம் கீழே வரும். 2004ஆம் ஆண்டுக் கடல்கோளுக்குப் பிறகு நமது கரையோரமெங்கும் எத்தனையோ வீடுகள் எழுந்தன. வீடு கட்டும் அன்பர்களே, கொங்கிறீற்று ஊற்றும் நாளில் மேசனாரோடு ஒருதடவை ஏறி நின்று, கம்பி எந்தப் பக்கத்தில் கிடக்கிறதென்று பாருங்கள். 2009இல் திறந்த 396 மீற்றர் கிண்ணியாப் பாலத்தில் லொறி போகும்போதும் இதே கணக்குத்தான் வேலை செய்கிறது.

இந்தக் கணக்கை ஊக் செய்து முடிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அவர் திறவுகோலைக் கண்டார். கதவைத் திறந்தவர்கள் பிறர். பிரான்சில் மரியற் என்னும் குருவானவர், ஊக்கை அறியாமலே அதே விதியைக் கண்டு, கலிலியோவின் பிழையைத் திருத்த முயன்றார். பேர்னூலி 1694இலும், ஒயிலர் 1744இலும் வளைந்த மரத்தின் வடிவத்தைக் கணித்தார்கள். கூலோம் 1773இலும், நவியே 1826இலும் கணக்கை இன்று பொறியியலாளர் கையாளும் உருவுக்குக் கொண்டுவந்தார்கள். நூறு வேலைகளைத் தொடங்கி, பத்தையும் முடியாமல் விடுவது ஊக்கின் பெருங்குறை. பிறர் முடித்தபின் அது என்னுடையது என்று வாதாடுவது அடுத்த குறை. அவ்வாறு வாதாடிப் பகைத்துக்கொண்டவர்களில் ஒருவர் ஐசாக் நியூற்றன். 1672இல் ஒளியைப் பற்றியும் 1686இல் ஈர்ப்பைப் பற்றியும் அவர்களிடையே எழுந்த பூசல் ஆறவேயில்லை. ஊக் சொன்னதில் ஓரளவு நியாயம் இருந்தது. ஈர்ப்புப் பற்றி அவர் நியூற்றனுக்கு எழுதிய கடிதங்கள் பயனற்றவையல்ல. ஆனால் நிரூபித்துக் காட்டியவர் நியூற்றனே.

இனிக் கொட்டியாரத்துக்கு வருவோம். 1659 நவெம்பரில் மசூலிப்பட்டினத்துக் கரையில் அடித்த புயலில் ஆன் என்னும் ஆங்கிலக் கப்பலின் நடுப் பாய்மரம் போய்விட்டது. பாய்மரம் என்பதும் அடியில் இறுக்கி நிறுத்திய ஒரு வளைதானே; அதற்குக் காற்றே பாரம். புதிய பாய்மரம் பூட்டவும் கொஞ்சம் வியாபாரம் செய்யவும் கப்பல் நமது கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. 1660இல் கண்டி மன்னன் 2ஆம் இராசசிங்கனின் ஆட்கள், கப்பற்றலைவர் றொபேட் நொக்ஸையும் அவருடைய மகன் இளைய றொபேட் நொக்ஸையும் உட்பட 16 பேரைச் சிறைப்பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அது நடந்த புளியமரம் வெள்ளைக்காரன் மரம் என்று பெயர்பெற்று, 1893இல் அங்கே நினைவுக்கல்லும் நாட்டப்பட்டதை மூதூர்ப் பகுதி வாசகர் அறிவர். தந்தை 1661இல் காய்ச்சலால் இறந்தார். மகன் அவரை அடக்கம் செய்துவிட்டு, தொப்பி பின்னி விற்றும் நெல் கடன் கொடுத்தும் பத்தொன்பது ஆண்டுகள் காலங்கழித்தார். 1679இல் காட்டுவழியே தப்பி, மன்னாருக்குத் தெற்கேயுள்ள அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தார். 1680இல் இலண்டன் வந்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்பது.

தாம் கண்டதை எல்லாம் நொக்ஸ் எழுதி வைத்திருந்தார். ஆனால் அவர் எழுத்தாளரல்லர். அந்தக் கையெழுத்துப் பிரதியை ஒழுங்குபடுத்த உதவி, 1681இல் அது நூலாக வந்தபோது முன்னுரையும் எழுதிக் கொடுத்தவர் றொபேட் ஊக். அன்றைய இலங்கையின் நெல்வயலும் குளமும் மரமும் சட்டமும் வழக்கமும் அந்நூலில் பதிவாகிக் கிடக்கின்றன. இன்றும் நமது சரித்திராசிரியர் அதைப் புரட்டாமல் எழுதுவதில்லை. பிறரோடு எரிந்து விழுந்த ஊக், இந்த மாலுமியோடு கடைசிவரை நட்பாயிருந்தார். நொக்ஸ் மீண்டும் கடலோடப் போய், திரும்பும்போதெல்லாம் அவருக்குப் புதுமைகள் கொண்டுவந்தார். 1689இல் றோயல் சங்கத்தில் ஊக் கஞ்சாச் செடியைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார்; அதன் குணத்தை அவருக்குச் சொன்னவர், கண்டி நாட்டில் கெட்ட நீர் குடித்து வந்த நோய்க்கு அதை மருந்தாக உட்கொண்டிருந்த நொக்ஸ்தான். இருவரும் மணம் முடிக்காதவர்கள். ஒருவருடைய பேச்சு மற்றவருக்குத் துணையாயிருந்திருக்கும்.

1687இல், ஊக்கின் வீட்டைப் பார்த்துவந்த அண்ணன் மகள் கிறேஸ் இறந்தாள். அதன்பின் அவர் ஒடிந்துபோனார். பார்வை மங்கியது, கால்கள் வீங்கின. கிறெஷாம் கல்லூரியின் பழைய அறைகளில், உண்ணவும் உடுக்கவும் வழியில்லாதவரைப் போல் வாழ்ந்தார். உண்மையில் வழியில்லாதவரல்லர்: நகரத்தை அளந்து சேர்த்த பணம் 8,000 பவுணுக்கு மேல் ஒரு இரும்புப் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. விஞ்ஞானத்துக்குக் கொடுப்பதாக நெடுநாள் பேசியிருந்தும், மரணசாசனம் எழுதாமல் விட்டார். பணம் உறவினருக்குப் போயிற்று.

1703 மார்ச் தொடக்கத்தில் ஓர் இரவு, நடுநிசியை அண்டிய நேரத்தில் அவருக்கு முடிவு வந்தது. அருகிலே இருந்தவள் பணிவிடைப் பெண் ஒருத்தி மட்டும். இறப்பதற்குச் சற்று முன் அவர் அவளை அனுப்பி அழைத்துவரச் சொன்னது கொட்டியாரத்துக் கைதியைத்தான். நொக்ஸ் எழுந்து அவளோடு போனார். சங்கத்தின் நூலகப் பொறுப்பாளரும் அவருமாகச் சேர்ந்து, இறந்தபோது உடுத்தியிருந்த அங்கியோடும் சப்பாத்தோடும் உடலை நிமிர்த்திக் கிடத்தினார்கள். பின்பு நொக்ஸ் தமது முத்திரையிட்டு அறைக் கதவுகளை அடைத்துவிட்டுத் திரும்பினார்.

ஊக்கைச் சென்ற் எலன் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவ்வாண்டு முடியுமுன் நியூற்றன் றோயல் சங்கத்தின் தலைவரானார். ஊக்கின் முகத்தைக் காட்டும் உறுதியான ஓவியம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எலும்புகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிளறப்பட்டு இடந்தெரியாமற் போயின. நொக்ஸ் 1720 வரை வாழ்ந்தார். இலங்கையைப் பற்றிய தமது நூலின் பிரதியொன்றில் வெற்றுத்தாள்களை இடையிட்டுத் தைத்து, அவற்றில் சாகும்வரை தமது வாழ்க்கைக் குறிப்புகளை எழுதிவந்தார். ஒக்ஸ்போட் நூலகத்தில் கிடந்த அக்குறிப்புகள் 1911இல் அச்சேறின. ஊக் இறந்த இரவைப் பற்றி மேலே நீங்கள் படித்தது அந்தக் கையெழுத்தில் இருப்பதுதான்.